வெளிநாட்டு உற்பத்தியாளரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது: பம்ப் மூடியை வைத்து ஒரு செய்முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் திரவ சோப்பு, ஷாம்பு, கூந்தல் எண்ணெய் என்று சிறிய அளவில் தயாரிக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "சீனாவில் யாரிடம் வாங்குகிறீர்கள்? அந்த எண்ணைக் கொடுங்களேன்." கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் என் சோப்புக்குப் பொருந்திய பம்ப் மூடி அவர்களுடைய எண்ணெய்க்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விற்பவரின் எண்ணைவிட, அவர் எதிரே உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவர்களுக்கு உதவும். அவற்றை எழுதிவைக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குப் பம்ப் மூடியையே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் அதுதான். ஐ.இ.சி. எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கான பதிவு எண்) வாங்குவது, பாஸ்போர்ட், விசா போன்றவற்றுக்குள் நான் போகவில்லை. உங்கள் பான் எண்தான் இப்போது ஐ.இ.சி. எண்ணும்; இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம்.

படி 1: கிளம்பும் முன் உங்கள் பொருளை அளந்துகொள்ளுங்கள்

ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிபர் வாங்குங்கள். ஸ்கேலும் டேப்பும் இந்த வேலைக்கு உதவாது. புட்டியின் கழுத்தில் மரையின் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். பம்ப் மூடி விற்பவர்கள் 24/410, 28/410 என்று பேசுவார்கள். முதல் எண் கழுத்தின் அளவு, மில்லிமீட்டரில். இரண்டாவது எண் மரையின் வகை: 400 என்றால் மரை ஏறக்குறைய ஒரு சுற்று, 410 என்றால் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று. 28/400 புட்டியில் 28/410 மூடியைத் திருகினால் உட்கார்ந்துவிட்டதுபோலத் தோன்றும். படுக்க வைத்தால் கசியும்.

புட்டியின் உள்ளுயரம், ஒரு அழுத்தலுக்கு எத்தனை மில்லி வர வேண்டும், உங்கள் திரவத்தின் பி.ஹெச். அளவு, அதில் என்ன வாசனை எண்ணெய் சேர்க்கிறீர்கள் என்பவற்றையும் ஒரே தாளில் எழுதி, படமும் வரைந்துகொள்ளுங்கள். காலிப் புட்டிகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் புட்டியை வைத்ததும் பேச்சு வேறு தரத்துக்குப் போய்விடும்.

படி 2: எங்கே சந்திப்பது

குவாங்சோ நகரில் நடக்கும் கேன்டன் கண்காட்சி 1957 முதல் நடந்துவருகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாக நடக்கும். உங்கள் பொருள் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே விமான டிக்கெட் எடுங்கள். பம்ப், ஸ்பிரே வகைகளுக்கு நிங்போவை அடுத்த யுயாவ் பகுதியில் தொழிற்சாலைகள் குவிந்திருக்கின்றன. கண்காட்சியில் பிடித்தவரைப் பிறகு அங்கேயே போய்ப் பார்ப்பதுதான் என் விருப்பம். வீடியோ அழைப்பிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். அப்போது கேமராவை இயந்திரக் கூடத்துக்குள் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

படி 3: "ஆம்" என்று முடிந்துவிடும் கேள்விகளைக் கேட்காதீர்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

"இந்த மூடி கசியாதே?" என்று கேட்டால் "கசியாது" என்பார்கள். "சோப்புக்குப் பொருந்துமா?" என்றால் "பொருந்தும்". "முப்பது நாளில் தருவீர்களா?" என்றால் "தருவோம்". இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரே இருப்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஊழியர். வந்த விருந்தினரிடம் நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்வதை அவர் மரியாதைக் குறைவாக நினைக்கலாம். கேள்வியின் பாதி புரியாமலும் இருக்கலாம். மூன்றுக்கும் விடை "ஆம்" என்றுதான் வரும். குறிப்பேடு முழுக்க "ஆம்" இருக்கும். முடிவெடுக்க ஒரு தகவலும் இருக்காது.

ஆகவே செய்பவருக்கு மட்டுமே விடை தெரிந்திருக்கும்படி கேள்வியை அமையுங்கள். எப்படி, எத்தனை, எதை வைத்து, எப்போதிலிருந்து என்று தொடங்குங்கள். நான் கேட்பவை இவை:

"கசிகிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்? வெற்றிட அறையில் வைத்தா, படுக்க வைத்தா? எவ்வளவு நேரம்? ஆயிரத்தில் எத்தனை மூடிகளைச் சோதிப்பீர்கள்?" சோதனை நடப்பது உண்மையானால் நேரமும் எண்ணிக்கையும் உடனே வரும். பெரும்பாலும் எழுந்து கருவியையே காட்டுவார்கள்.

"உள்ளே இருக்கும் ஸ்பிரிங் திரவத்தில் நனைகிறதா? அது என்ன எஃகு? 304ஆ, 316ஆ? அடியில் உள்ள குண்டு கண்ணாடியா, எஃகா?" 304, 316 என்பவை துருப்பிடிக்காத எஃகின் தர எண்கள். கடலோரத்தில் தொழில் நடத்தும் நமக்கு இது மிக முக்கியம். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. மட்டமான எஃகு துருப்பிடித்து, வெள்ளைச் சோப்பில் பழுப்புக் கோடு விழும். ஸ்பிரிங் திரவத்தைத் தொடாமல் வெளியே அமைந்த பம்ப் வகையும் உண்டு. விலை கொஞ்சம் கூடும். கூடினாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

"மூடியின் ஒவ்வொரு பாகமும் எந்தப் பிளாஸ்டிக்?" எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பாலிபுரொப்பிலீன் அவற்றை ஓரளவு தாங்கும். பளபளப்புக்காக அலுமினிய வளையம் போட்ட மூடி அழகாக இருக்கும், ஆனால் பொட்டாஷ் சேர்த்துக் காய்ச்சிய உண்மையான திரவ சோப்பு காரத்தன்மை உடையது. வழிந்து வழிந்து அலுமினியத்தை மங்கச் செய்யும். இதைப் படி 1இல் எழுதிய தாளைக் காட்டியே கேளுங்கள்.

"முப்பது நாள் என்றால் எந்த நாளிலிருந்து?" முன்பணம் வந்த நாளிலிருந்தா, மாதிரிக்கு நீங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள் ஓடிவிடும். கூடவே, "சீனப் புத்தாண்டுக்கு எந்தத் தேதியில் மூடுகிறீர்கள், எந்தத் தேதியில் முழு ஆட்களோடு திறக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வரும் அந்த விடுமுறையில் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அக்டோபர் முதல் வாரமும் விடுமுறைதான். விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் அவசரமாக முடித்த சரக்கை நான் வாங்குவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடைசியாக ஒரு வாடிக்கையாளர் என்ன குறை சொன்னார்? அதற்கு என்ன செய்தீர்கள்?" குறையே வந்ததில்லை என்று சொல்பவரோடு நான் மேலே பேசுவதில்லை. "குழாய் நீளம் மாறிப்போனது, வேறு வெட்டி அனுப்பினோம்" என்று ஒருவர் நடந்ததை விவரித்தால், நாளை எனக்குச் சிக்கல் வரும்போது அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை இப்போதே பார்த்துவிடுகிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். எண்களை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டுங்கள். விடை வந்ததும் அதை எழுதி அவர் பக்கம் திருப்பி, சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்குக் காகிதக் குறிப்பேடுதான் சிறந்தது. கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு கடையின் முகவரி அட்டையையும் அந்தப் பக்கத்திலேயே ஸ்டேபிள் செய்யுங்கள். அனுமதி கேட்டுப் பொருளோடு சேர்த்து ஒரு படமும் எடுங்கள்.

படி 4: செய்பவரா, வாங்கி விற்பவரா?

"நீங்கள் உற்பத்தியாளரா?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த மூடியின் அச்சில் ஒரே நேரத்தில் எத்தனை துண்டுகள் விழும்? வார்ப்பு இயந்திரங்கள் எத்தனை? எந்தெந்தப் பாகங்களை வெளியே வாங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். பம்ப் மூடி பல சின்னப் பாகங்களால் ஆனது. ஸ்பிரிங், குண்டு, வாஷர் போன்றவற்றை வெளியிலிருந்து வாங்குவது இயல்பு. செய்பவர் இதைத் தயங்காமல் சொல்வார்.

வணிக உரிமத்தின் நகலையும் கேளுங்கள். அதில் 18 இலக்கப் பதிவு எண் இருக்கும். அந்த நிறுவனம் எந்தத் தொழில் செய்யலாம் என்பதும் எழுதியிருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

வாங்கி விற்பவர் என்று தெரிந்தால் ஓடிவிட வேண்டாம். புட்டி, மூடி, அட்டைப்பெட்டி மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்றால் அவரே நல்லவர். அதை ஒளிக்காமல் சொல்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

படி 5: குறைந்தபட்ச அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காரணம் கேளுங்கள்

10,000 மூடிக்குக் குறைந்து தரமாட்டோம் என்பது வழக்கமான விடை. "5,000 தாருங்கள்" என்று பேரம் பேசினால் விலையைக் கூட்டுவார்கள். "10,000 என்று எதனால் வைத்திருக்கிறீர்கள்? எந்தப் பாகத்தால்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நிறம்தான் காரணம். புது நிறத்துக்கு இயந்திரத்தைக் கழுவிச் சாயம் மாற்ற வேண்டும். வெள்ளை, கறுப்பு, நிறமற்றது ஆகியவை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். "அடுத்த மாதம் எந்த நிறம் ஓட்டுகிறீர்கள்? அதோடு என் ஆர்டரையும் சேர்க்க முடியுமா?" என்று கேட்டுச் சிறிய அளவில் வாங்கியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

உங்கள் அளவு சின்னது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய எண் சொல்லி விலை வாங்கிய பிறகு சின்ன ஆர்டர் கொடுத்தால் அந்த விலையும் நிற்காது, உறவும் நிற்காது.

படி 6: விலைக்குள் என்ன இருக்கிறது?

"குழாயை என் புட்டியின் நீளத்துக்கு வெட்டித் தருவது இந்த விலையில் அடக்கமா? ஒரு பெட்டியில் எத்தனை? பெட்டியின் நீள அகல உயரம் என்ன, மொத்த எடை என்ன? இந்த விலை எத்தனை நாள் செல்லும்?" பெட்டி அளவை விடாமல் கேளுங்கள். மூடிகளுக்கு எடை குறைவு, இடம் அதிகம். முழு கன்டெய்னர் எடுக்காமல் பிறருடன் பகிர்ந்து அனுப்பும்போது, கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

எந்த இடத்தில் ஒப்படைக்கும் விலை என்பதையும் கேளுங்கள். எஃப்.ஓ.பி. நிங்போ என்றால் கப்பலில் ஏற்றும்வரை அவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். சென்னை என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் அவர் கட்டுவார். பகிர்வுச் சரக்குக்கு நான் எப்போதும் எஃப்.ஓ.பி.யைத்தான் தேர்ந்தெடுப்பேன். சி.ஐ.எஃப். விலை மலிவாகத் தெரியும்; ஆனால் கப்பல் முகவரை அவர் தேர்ந்தெடுக்கிறார், அந்த முகவரின் சென்னை அலுவலகம் இறக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று கேட்பதை மறுக்க நமக்கு வழியில்லை. சி.ஐ.எஃப்.தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், சென்னைக் கட்டணப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.

வரிக் கணக்கை உங்கள் தாளிலேயே போட்டுக்கொண்டு போங்கள். கப்பல் கட்டணம், காப்பீடு சேர்த்துச் சரக்கின் மதிப்பு 1,00,000 ரூபாய் என்றும், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். சுங்கம் 10,000. அதன் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 1,000. இந்த 1,11,000 மீது ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம் என்றால் 19,980. ஐ.ஜி.எஸ்.டி.யை ஜி.எஸ்.டி. கணக்கில் வரவு எடுத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் செலவுதான். உங்கள் பொருளின் உண்மையான வீதத்தைச் சுங்கத் தரகரிடம் கேட்டு வையுங்கள். விற்பவரிடம் அவர் ஏற்றுமதிக்குப் பயன்படுத்தும் ஹெச்.எஸ். குறியீட்டை, அதாவது சரக்கின் வகையைக் காட்டும் சுங்க எண்ணை, கேளுங்கள். முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் ஒன்று, நம் நாட்டில் எட்டு இலக்கம். சாதாரணப் பிளாஸ்டிக் மூடி 3923இல் வரும், பம்ப் பொருத்திய மூடி வேறு தலைப்புக்குப் போகலாம். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது இதை வாதாடுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

படி 7: குறை என்றால் என்ன என்பதை எண்ணாக ஒப்புக்கொள்ளுங்கள்

"தரமாக இருக்க வேண்டும்" என்பதற்குப் பொருளே இல்லை. ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற மாதிரி எடுக்கும் முறையைப் பெரும்பாலான ஏற்றுமதியாளர்கள் அறிவார்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்று பேசினால், 10,000 மூடிக்கு வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 200 மூடிகளை எடுத்துப் பார்ப்பார்கள். பெருங்குறை 10 வரை இருந்தால் ஏற்பு, 11 என்றால் நிராகரிப்பு. "எதைப் பெருங்குறை என்று கொள்வீர்கள்? கசிவா, கீறலா, நிற மாற்றமா?" என்று கேட்டு ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுங்கள். நான் கசிவைப் பெருங்குறையிலும், சின்னக் கீறலைச் சிறுகுறையிலும் வைக்கிறேன். கப்பலேறும் முன் மூன்றாம் தரப்புச் சோதனைக்கு ஆள் அனுப்பினால் அனுமதிப்பார்களா, தோல்வியுற்றால் மறுசோதனைச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒப்புதல் தந்த மாதிரியில் இரண்டு எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கு மாதிரிகளில் ஒன்றை எங்கள் சோப்பு நிரப்பி, படுக்க வைத்து, ஒரு வாரம் வெயில்படும் ஜன்னலோரம் விட்டுவைப்பேன். அதற்கு முன் ஒப்புதல் கடிதம் போகாது.

படி 8: பணம்

முன்பணம் 30 சதவீதம், கப்பல் ரசீதின் நகல் வந்ததும் மீதி 70 என்பது பரவலான வழக்கம். சந்திக்கும்போதே, "பணம் எந்தப் பெயரில் உள்ள கணக்குக்கு வர வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனம், கணக்கில் இன்னொரு பெயர் என்றால் காரணம் தெரியும்வரை பணம் அனுப்பாதீர்கள். "கணக்கு எண் மாறிவிட்டது" என்று நடுவில் மின்னஞ்சல் வந்தால், சந்தித்த அதே ஆளை வீடியோ அழைப்பில் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலுக்குள் புகுந்து நடத்தும் மோசடி இந்தத் தொழிலில் மிகவும் பரவியிருக்கிறது, போன பணத்தை மீட்பது மிகக் கடினம்.

படி 9: அன்றிரவே எழுதுங்கள்

அறைக்குத் திரும்பியதும், பேசியவற்றை எண் போட்டு மின்னஞ்சலாக அனுப்பி, "சரி" என்று பதில் எழுதச் சொல்லுங்கள். பிறகு வரும் விலைச்சீட்டில் அந்தப் பட்டியலை இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வீசாட் என்ற சீன அரட்டைச் செயலி 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அரட்டைச் செயலிகளைப் படம் அனுப்ப மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்புக்கொண்டவை அனைத்தையும் மின்னஞ்சலில் வைப்பதே எனக்குப் பிடித்த முறை. தேடினால் கிடைக்கும், வங்கியிலும் காட்டலாம்.

பின்சேர்க்கை: இயந்திரம் வாங்குவோருக்கு

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு பதப்படுத்தும் வாசகர் ஒருவர், வெற்றிட முறையில் பொட்டலம் போடும் இயந்திரத்துக்கு இந்தக் கேள்விகள் போதவில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. இயந்திரத்துக்கு மேலும் சில கேள்விகள் வேண்டும்.

சீனாவில் மும்முனை மின்சாரம் 380 வோல்ட், நம்மிடம் 415. அதிர்வெண் இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ். மோட்டார் பெரும்பாலும் தாங்கும், கட்டுப்பாட்டுப் பலகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. "415 வோல்ட்டுக்கு எந்தெந்தப் பாகத்தை மாற்றித் தருவீர்கள்? இயந்திரத்தின் பெயர்த் தகட்டில் எந்த எண் இருக்கும்?" என்று கேளுங்கள். "ஓராண்டுக்குத் தேய்ந்துபோகும் பாகங்கள் எவை? இப்போதே எத்தனை சேர்த்து அனுப்புவீர்கள்? சூடேற்றும் பட்டையின் அளவு என்ன?" என்பது அடுத்தது. பட்டையின் அகலமும் நீளமும் தெரிந்தால் உள்ளூரிலேயே வாங்க முயலலாம்.

மரப்பெட்டியில் வரும் என்றால், மரத்தில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்குமா, முத்திரையின் படத்தைக் கப்பலேறும் முன் அனுப்புவார்களா என்று கேளுங்கள். பூச்சி ஒழிக்கச் சூடேற்றியோ புகையூட்டியோ பதப்படுத்திய மரம் என்பதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத மரம் வந்தால் தாவர நோய்த் தடுப்புப் பிரிவில் சரக்கு மாட்டிக்கொள்ளும், நாளுக்கு நாள் கிடங்கு வாடகை ஏறும்.

இன்னொரு பின்சேர்க்கை: வியட்நாமிலிருந்து வாங்குவோருக்கு

கடலூர் முதுநகரிலிருந்து வந்த கேள்வி இது: வியட்நாம் சரக்குக்கு வரி குறையுமா? வியட்நாமும் சேர்ந்த ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பல பொருள்களுக்குச் சுங்க வரி குறைவு அல்லது இல்லை. ஆனால் 'ஏ.ஐ.' (AI) என்ற பெயருள்ள படிவத்தில் தோற்றச் சான்றிதழ், அதாவது பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று, வேண்டும். "இந்தச் சான்றிதழை இதற்கு முன் இந்தியாவுக்குக் கொடுத்திருக்கிறீர்களா? யாருக்கும் பாதகமில்லாமல் பெயரை மறைத்து ஒரு பழைய நகலைக் காட்ட முடியுமா? மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது, மதிப்பில் எவ்வளவு வியட்நாமில் சேர்கிறது?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2020இல் வந்த சுங்க விதிகளின்படி, பொருள் உண்மையில் அந்த நாட்டில்தான் தயாரானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது நாம்தான்.

சான்றிதழின் நகலை முன்கூட்டியே வாங்கி, சரக்கின் பெயர், எடை, ஹெச்.எஸ். குறியீடு, விலைச்சீட்டு எண் ஆகியவை மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று சென்னையிலுள்ள உங்கள் தரகரிடம் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு மூலச் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள்.